மூன்று நாள் அவர் கைகளில்

நர்ஸ் விமலா சிஸ்டர் இறந்த செய்தி எங்கள் குப்பத்துப் பெண்களின் வாட்ஸப் குழுவில் காலையில் வந்தது. சற்று நேரத்தில், அவர் காப்பாற்றிய குறைமாதப் பிள்ளைகளின் படங்கள் வரிசையாக வந்து விழுந்தன. பள்ளிச் சீருடையில் ஒன்று, படகில் சாய்ந்தபடி ஒன்று. எனக்கு அனுப்பப் படம் இல்லை.

என் மகள் ஏழாம் மாதத்தில் பிறந்தாள். அறுவை முடிந்து நான் காய்ச்சலில் கிடந்த மூன்று நாளும் அவளைப் பஞ்சில் சுற்றி, பல்பின் சூட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டவர் சிஸ்டர். நான் எழுந்து உட்கார்ந்தபோது புதைத்துவிட்டு வந்திருந்தார்கள். பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள் தங்கள் பிள்ளைகளுக்குச் செதுக்கி வைத்த கல்லறைகளைப் பார்த்தால்கூட எனக்குப் பொறாமை வரும்.

இரண்டு வருடம் கழித்து என் ஓரகத்தி கௌரிக்கும் ஏழாம் மாதத்தில் மகன் பிறந்தான். அதற்குள் சிஸ்டர் பயிற்சிக்குப் போய்த் திரும்பியிருந்தார். குழந்தையை வெறும் மார்பில் அணைத்துக் கட்டிக்கொள்ளும் முறையை அங்கே கற்றிருந்தார். கௌரிக்கு வலிப்பு வந்து ஓயவில்லை. சிஸ்டர் அவள் கணவனை, என் கொழுந்தனைக் கூப்பிட்டார்.

“சட்டையக் கழட்டுப்பா. ஏரில எறங்கறப்ப இந்த வெக்கம் எங்க போவுது?”

மாமியார் குறுக்கே வந்தார். பிறந்த தீட்டில் பிள்ளையைத் தொட்ட ஆண் வலையைத் தொடக் கூடாது என்பது எங்கள் வழக்கம். அந்த வாரம்தான் ஏரியில் வலை கட்டும் முறை, எங்கள் பாடு, அவனுக்கு வந்திருந்தது.

“இன்னா சிஸ்டர், பாடு போச்சின்னா சோத்துக்கு இன்னா பண்றது?”

“பாடு சுத்தி வரும்மா. இவன் வருவானா?”

கொழுந்தன் சட்டையைக் கழற்றினான். அவனும், வலிப்பு நின்ற பிறகு கௌரியும், இருபது நாள் மாறி மாறிச் சுமந்தார்கள். பையன் தேறினான். நான் வாசலோடு நின்று பார்த்தேன். அவன் பிழைக்க வேண்டாம் என்று ஒரு கணம் நினைத்ததும் உண்டு.

சிஸ்டர் வெளியே வந்து என் பக்கத்தில் நின்றார். “வயிறு எரியுதா?”

“ஆமா சிஸ்டர்.”

“எரியட்டும். எனக்கும் எரியுதுடி. இது தெரிஞ்சிருந்தா உன் பொண்ண என் மேலயே கட்டிக்கினு இருந்திருப்பேன்.”

என் மகளை உயிரோடு தூக்கிய கைகள் அவருடையவை. அந்தக் கைகள்மேலும் எனக்குப் பொறாமை இருந்தது. அது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அன்றுதான், என் மகளைத் துடைக்கும்போது உடம்பில் கண்ட ஓர் அடையாளத்தை எனக்கு மட்டும் சொன்னார்.

அது என்னவென்று இங்கே எழுதப் போவதில்லை. அவர் கொடுத்த பிள்ளைகள், படம் அனுப்பிய உங்களிடம் வளர்கிறார்கள். இது என்னிடம் இருக்கட்டும்.