திங்கள்கிழமை போயிடுச்சே சார்!

மைசூருக்குக் குடிவந்த புதிதில், பூப்போல விரியும் கடல் சாமந்தி என்னும் உயிரிக்குள் கோமாளி மீன்கள் குடியிருக்கும் படத்தைப் பார்த்து ஆசைப்பட்டு, ஒரு சனிக்கிழமை கண்ணாடித் தொட்டி வாங்கினேன். உப்புத் தண்ணீர் கலக்கக் கற்றுக்கொடுத்த கடைக்காரர், "ஒந்து திங்களு ஹோக்லி, ஆமேலே மீனு" என்றார். ஒரு திங்கள்கிழமை போகட்டும், அப்புறம் மீன் என்கிறார் என நினைத்து, கன்னடம் புரிந்துவிட்ட பெருமையில் தலையாட்டினேன்.

செவ்வாயன்று கடையில் அவர் மனைவி இருந்தார். இரண்டு மீன்களும் ஒரு சாமந்தியும் கேட்டேன், தொட்டி புதிது என்று தெரியாமல் கொடுத்துவிட்டார்.

வியாழனன்று சாமந்தி வதக்கிய கத்தரிக்காய் மாதிரி சுருங்கிக் கிடந்தது. மீன்களோ அதன் பக்கமே போகாமல், மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. மூன்றையும் வாளியில் போட்டு ஆட்டோவில் கடைக்கு ஓடினேன்.

"ஒரு திங்களு விடுன்னு ஹேளித்னல்லம்மா, சொன்னேனே!" என்று தமிழும் கன்னடமுமாகக் கேட்டார் கடைக்காரர்.

"திங்கள்கிழமை போயிடுச்சே சார்!"

அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "அது சோமவாரா. திங்களுன்னா மாசம்மா! புதுத் தொட்டித் தண்ணி பக்குவமாக ஒரு மாசம் வேணும்."

நல்லவேளை, அவருடைய பழைய தொட்டியில் மூன்றும் பிழைத்தன. ஒரு மாதம் கழித்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். ஒன்பதாம் நாள் காலை, ஒரு மீன் சாமந்தியை வாலால் தொட்டுத் தொட்டுப் பார்த்துவிட்டு, உள்ளே புகுந்து படுத்துக்கொண்டது. அப்போதுதான் எனக்கு மூச்சே வந்தது.

இப்போதெல்லாம் யார் கெடு சொன்னாலும் காலண்டரில் விரல் வைத்துக் காட்டச் சொல்கிறேன். கடைக்காரரும் மாறிவிட்டார். தமிழ்க்குரல் கேட்டாலே, வாங்க என்பதற்கு முன் "மாசம்மா, மாசம்!" என்கிறார்.