மைக்கில் வராத பெயர்

எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டு ஊர் ஊராகத் திரிந்த நான், இரண்டாயிரத்துக்குப் பிறகு சில வருடம் நல்லூரில் ஒரு பனியன் பிரிண்டிங் பட்டறையில் வேலை பார்த்தேன். மங்கலம் பக்கம் கபடிப் போட்டி வந்தது. நானும் ஆடிய எங்கள் தெரு டீமை, போட்டி நடத்துபவர்கள் எப்போதும் ‘காலனி டீம்’ என்றுதான் எழுதிக்கொள்வார்கள். இந்த முறை எங்கள் கேப்டன், ஊர் எங்களைத் திட்டும் சாதிப் பெயரையே டீமுக்குக் கொடுத்தான். சக்கிலி. பனியன்களின் நெஞ்சில் அதைப் பெரிதாக அடித்தது நான்தான்.

கேப்டனின் அக்கா ஒரு கம்பெனியில் செக்கிங் வேலை செய்பவள். பனியனைப் பார்த்ததும் நேராக என்னிடம் வந்தாள்.

“ஏனுங்க, இந்த வார்த்தையச் சொன்ன சூப்பர்வைசர்கிட்ட மல்லுக்கு நின்னுதான் பழைய வேலைய உட்டேன். நீங்க அதையே அடிச்சுக் குடுப்பீங்களா?”

“அவனுக சொன்னாத்தான்க்கா வசவு,” என்றான் கேப்டன். “நாமளே சொல்லிட்டா அவனுக வாயில என்ன மிஞ்சும்?”

“வேற ஒண்ணு மிஞ்சும். கழட்டி எறி.”

அவள் கோபத்தில் தப்பில்லை. இருந்தும் போட்டுக்கொண்டுதான் போனோம்.

மைக் பிடித்தவர் நிலபுலம் உள்ள ஒரு தோட்டத்துக்காரர். எங்கள் அப்பன்மாரை அந்தச் சொல்லால் அதட்டியே பழகியவர். “அடுத்து காலனி டீம்,” என்றார். நாங்கள் கோட்டுக்கு வெளியிலேயே நின்றோம்.

“எழுதிக் குடுத்த பேரைச் சொல்லுங்க, எறங்கறோம்,” என்றான் கேப்டன்.

அவர் மைக்கைக் கையால் பொத்தினார். “அதையச் சொன்னாக் கேசாயிருமப்பா.”

“ரோட்டுல சொல்றப்ப ஆகலீங்களா?”

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். அவர் முகம் கறுத்தது. “வெளையாட வந்தீங்களா, வம்புக்கு வந்தீங்களா?”

“ரெண்டுக்குந்தானுங்க.”

மாதக்கணக்கில் பழகிய ஆட்டம். இறங்கிவிடலாமா என்று எல்லோருக்கும் கால் துடித்தது. யாரும் இறங்கவில்லை. அவரும் சொல்லவில்லை. ஆடாமலேயே தோற்றதாக அறிவித்தார்கள், அப்போதும் காலனி டீம் என்றே. பனியனைக் கழற்றாமல் ஊர் நடுத்தெரு வழியாக நடந்து போய் பஸ் ஏறினோம்.

“மைக்குல அந்தப் பேரைச் சொன்னானா?” என்று வாசலிலேயே கேட்டாள் அக்கா.

“இல்லக்கா.”

“சொல்ல அவனுக்கே கூசுது. உனக்கு எதுக்குடா அது?”

“அவனுக்குக் கூசற எடமாப் பாத்துச் சொல்லோணும்க்கா.”

அவள் தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போனாள். இன்றுவரை அவளை நாங்கள் சம்மதிக்க வைக்க முடியவில்லை. பட்டறையில், அந்தப் பெயரை அடித்த அச்சு ஸ்கிரீனைக் கழுவி வேறு டிசைன் ஏற்றச் சொன்னார்கள். நான் கழுவாமல் ஒதுக்கி வைத்தேன். பொங்கலுக்கு இன்னொரு போட்டி இருந்தது.