காற்புள்ளி என்று கையெழுத்திடுபவர்

காவ்னாஸ் நகரின் பெத்ராஷூனை கடைசி நிறுத்தத்தில் டிராலிபஸ்ஸை நிறுத்தியதும் லைமுதே பர்தாஷ்கியேனே முதலில் கையுறையைக் கழற்றுவார். பிறகு கண்ணாடியை மாற்றுவார். சாலைக்கு ஒன்று, கைபேசிக்கு ஒன்று. திரும்பிப் புறப்படப் பதினோரு நிமிடம் இருக்கும். இரண்டு நிமிடம் கறுப்பு ரொட்டிக்கும் உப்புப் போட்ட பன்றிக்கொழுப்புக்கும். மிச்சமெல்லாம், யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய இணையக் கலைக்களஞ்சியத்துக்கு. நானூற்றுச் சொச்சம் லிதுவேனியக் கூடைப்பந்து வீரர்களின் பக்கங்கள் அங்கே அவர் காவலில் இருக்கின்றன. வாயில் ரொட்டி இருக்கும்போது மட்டும் எழுத மாட்டார். "மென்னுக்கிட்டே எழுதினா தேதி தப்பிப் போயிரும்."

ஐம்பத்தெட்டு வயது. ஸ்டியரிங்குக்குப் பின்னால் அவர் தலை தெரிவதற்கு இருக்கையில் ஒரு மெத்தை வேண்டியிருக்கிறது. பனிமழையில் கூரைக் கொம்பு மின்கம்பியிலிருந்து கழன்றால், பின்பக்கம் ஓடிப்போய்க் கயிற்றைப் பிடித்து ஒரே இழுப்பில் மாட்டிவிடுவார். பயணிகள் கை தட்டினால் கோபம் வரும். "சர்க்கஸா காட்டறேன்? உக்காருங்க."

எங்கள் நாட்டில் கூடைப்பந்தைப் பற்றித் தெரியாது என்று சொல்பவர் யாருமில்லை. அதனால்தான் சண்டை. ஒரு வீரர் காவ்னாஸில் பிறந்தார் என்று போட்டால், "பிரசவம் மட்டும்தான் அங்கே, ஆள் எங்க ஊரு" என்று நாலு பேர் வந்து மாற்றுவார்கள். அச்சில் வந்த சான்று இல்லாமல் எதையும் எழுதக் கூடாது என்பது அங்குள்ள சட்டம். எனக்குத் தெரியும் என்பது சான்றாகாது. எழுதப்படுபவரிடம் ஏதாவது வாங்கிக்கொண்டவர் அவர் பக்கத்தைத் தொடவும் கூடாது.

நானும் அங்கே எழுதுகிறவன்தான். பிழைப்புக்குப் பல்செட் செய்கிறேன்; அங்கேயும் 'பல்லுக்காரர்' என்றுதான் என் பெயர். ஆறு வருடம் 'காற்புள்ளி' என்ற பெயருடைய ஒருவரோடு அந்தப் பக்கங்களின் விவாத மேடையில் மல்லுக்கட்டினேன். ஓய்வுபெற்ற பள்ளி வாத்தியார், ஆண், நிச்சயம் மீசை வைத்தவர் என்று மனதுக்குள் ஓர் உருவம் வைத்திருந்தேன்.

அர்மினாஸ் கைலூஷிஸ் என்றொரு வீரரின் பக்கத்தில்தான் எங்கள் பெரிய சண்டை வந்தது. வடக்கே பெலேதா அணியில் ஆடியவர். "2009 மார்ச் 17: முன்னறிவிப்பின்றிப் பயிற்சிக்கு வராததால், ஒழுங்கீனத்துக்காக அணியிலிருந்து நீக்கப்பட்டார்" என்று ஒரு வரி. அதைச் சேர்த்தவன் நான். விளையாட்டுப் பத்திரிகைச் செய்தியைச் சான்றாகக் காட்டியிருந்தேன். எங்கள் ஊரில் ஒழுங்கீனம் என்றால் குடி என்றே படிப்பார்கள். இப்போது, ஆட்டத்தை விட்டபின், பிர்ஜாய் ஊர்ப் பள்ளியில் அவர் பயிற்சியாளர் வேலை கேட்டிருந்தார். பெற்றோர் சிலர் அந்தப் பக்கத்தை அச்சடித்துத் தலைமையாசிரியை மேசையில் வைத்துவிட்டார்கள்.

பெயரில்லாத ஒருவர் அந்த வரியை அழித்தார். நான் திரும்பப் போட்டேன். பத்தொன்பது முறை இப்படியே நடந்தது. கடைசியில் விவாத மேடையில் ஒரு வரி வந்தது: "அவன் குடிக்கலை. எங்க அப்பா செத்துட்டாரு. நான் அவன் தங்கச்சி." நான் பதில் போட்டேன், ஒரே சொல்: "சான்று?"

சட்டப்படி சரிதான். அந்தச் சொல்லை இப்போது நினைத்தாலும் எனக்குக் கூசுகிறது.

காற்புள்ளி அங்கே எதுவும் எழுதவில்லை. ஒரு மாதம் கழித்து எனக்குத் தனிச்செய்தி வந்தது. புதன்கிழமை இரண்டு பத்துக்குப் பெத்ராஷூனை நிறுத்தத்துக்கு வரவும். போனேன். இறங்குகிற பயணிகளில் மீசைக்காரரைத் தேடினேன். ஓட்டுநர் ஜன்னலிலிருந்து ஒரு பெண்குரல் கூப்பிட்டது.

"பல்லுக்காரர்தானே நீங்க? ஏறுங்க. திருதிருன்னு முழிக்கறதைப் பாத்தே கண்டுபிடிச்சிட்டேன்."

கைபேசியில் ஒரு படத்தைக் காட்டினார். பிர்ஜாய் மாவட்டச் செய்தித்தாளின் இரங்கல் பக்கம். யாராவது இறந்தால் அலுவலகம், அக்கம்பக்கம், பழைய வகுப்புத் தோழர்கள் எல்லாரும் கறுப்புக் கட்டத்துக்குள் இரண்டு வரி போடுவது எங்கள் வழக்கம். அப்படி ஒரு கட்டம்: "தந்தையை இழந்து வாடும் எங்கள் வீரர் அர்மினாஸ் கைலூஷிஸின் துயரில் பங்குகொள்கிறோம். பெலேதா கூடைப்பந்து அணி." தேதி, 2009 மார்ச் 12.

ஐந்து நாள் கழித்து, ஏன் வரவில்லை என்றே தெரியாது என்று சொல்லி அதே அணி அவரை நீக்கியிருக்கிறது.

படத்தைப் பெரிதாக்கித் தேதியை மறுபடி படித்தேன். "இதை எங்கே பிடிச்சீங்க?"

நாலு விடுமுறை நாட்கள். போக மூன்றரை மணி நேரம், வர மூன்றரை. முதல் தடவை, பிர்ஜாய் நூலகத்தில் அந்த மாதச் செய்தித்தாள் தொகுப்பு பைண்டிங்குக்குப் போயிருந்ததாம். இரண்டாம் தடவை, தொகுப்பு இருந்தது, அந்தப் பக்கம் மட்டும் இல்லை. "பின்பக்கம் வெள்ளரி விதைக்கிற நாள் போட்டிருந்தாங்களாம். எவளோ கத்தரிச்சுக்கிட்டுப் போயிட்டா. நல்லா காய்ச்சிருக்கட்டும், வேறென்ன சொல்ல." மூன்றாவது, வேறோர் ஊர் நூலகம். அன்று அது பூட்டியிருந்தது. நாலாவதில் கிடைத்தது.

"அர்மினாஸ்னா உங்களுக்கு அவ்வளவு பிடிக்குமா?" என்றேன்.

"அவனையா?" என்று நிமிர்ந்து உட்கார்ந்தார். 2007 இறுதியாட்டத்தில், மணி அடிக்கிற நொடியில், மூலையிலிருந்து எறிந்து எங்கள் ஊர் அணியான பச்சைச் சட்டைக்காரர்களின் கோப்பையைப் பறித்தவன் அவன்தான். "எங்கம்மா செத்தப்பகூட நான் அப்படி அழலை. அதுக்காக அவனோட மார்ச் மாசத்தைத் தப்பா எழுதலாமா?"

நான் எழுதிய வரியை உடனே நீக்கிவிடுவதாகச் சொன்னேன். கூடாது என்றார். நீக்கியது நடந்த விஷயம், அது இருக்கட்டும். அப்படியானால் 'அநியாயமாக நீக்கப்பட்டார்' என்று மாற்றுகிறேன் என்றேன். அதற்கும் தலையாட்டவில்லை.

"அநியாயம்னு நாம சொல்ல வேண்டாம், பல்லுக்காரரே. ரெண்டு தேதியையும் பக்கத்துல பக்கத்துல வைங்க. படிக்கிறவங்களுக்குக் கண்ணு இருக்கு."

அப்படியே வைத்தோம். பன்னிரண்டாம் தேதி இரங்கல். பதினேழாம் தேதி நீக்கம். பள்ளித் தலைமையாசிரியைக்கும் கண் இருந்தது. ஏப்ரலில் வேலை உத்தரவு போனது. தங்கை விவாத மேடையில் "நன்றி" என்று மட்டும் எழுதினாள். நானும் ஏதாவது எழுத வேண்டுமென்று நெடுநேரம் உட்கார்ந்திருந்து, மன்னிப்புக் கேட்டேன். சான்றைத் தேடிப் பிடித்தவர் யார், எந்த நிறுத்தத்தில் இருப்பார் என்பதையும் அவளுக்குத் தனியாக எழுதினேன்.

மே மாதம் ஒருநாள் நான் அவரோடு அந்த நிறுத்தத்தில் பேசிக்கொண்டிருந்தபோது, முன்கதவு வழியாக ஓர் ஆள் குனிந்து ஏறினார். ஏறியபிறகும் குனிந்தேதான் நின்றார். கையில் ஆளுயரப் பெட்டியில் ஷகோதிஸ். நெருப்புக்கு முன்னால் சுழற்றிச் சுழற்றி மாவூற்றிச் சுடுகிற, முள்முள்ளாக மரம்போல் நிற்கும் கேக். கல்யாணத்துக்கும் ஞானஸ்நானத்துக்கும்தான் அவ்வளவு பெரியது வாங்குவோம்.

"லைமுதே அம்மா நீங்கதானே? நான் அர்மினாஸ்."

லைமுதே எழுந்துகூட நிற்கவில்லை. "தம்பி, ஒண்ணு கேக்கணும். அந்தக் கடைசிப் பந்து. எல்லைக் கோட்டை மிதிச்சீங்களா?"

"இல்லம்மா."

"வீடியோவுலயும் இல்லைதான்," என்று பெருமூச்சு விட்டார். "ஒவ்வொரு வருஷமும் போட்டுப் பாக்கறேன்."

அர்மினாஸ் சிரித்தார். பிறகு கொஞ்சம் கூச்சத்தோடு, "உயரம் மட்டும் ரெண்டு சென்டிமீட்டர் குறைச்சுப் போட்டிருக்கு. இருநூத்தி மூணும்மா நான்," என்றார்.

லைமுதே ஷகோதிஸின் ஒரு முள்ளை ஒடித்துத் தின்றார். கண்ணை மூடித் தின்றார். பின்னால் நின்ற வண்டிகளின் ஓட்டுநர்களைக் கூப்பிட்டு ஆளுக்கொரு துண்டு கொடுத்தார். பிறகு விரல்களைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு கைபேசியை எடுத்தார். அர்மினாஸ் கைலூஷிஸ் பக்கம், பதினோரு வருடங்களுக்கு முன்னால் அவரே தொடங்கிய பக்கம், திறந்தது. விவாத மேடைக்குப் போய், நாங்கள் இருவரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒற்றை விரலால் தட்டினார்:

"இந்தக் கட்டுரைக்கு உரியவரிடமிருந்து இன்று ஒரு ஷகோதிஸ் பெற்றுத் தின்றேன். ஆகையால் இனி இந்தப் பக்கத்தில் நான் எதையும் திருத்த மாட்டேன்."