அப்பனை முழுங்கியவள்

திங்கட்கிழமை காலை என் வீட்டுக்கு வந்த அந்தப் பெண், காப்பியைக்கூடத் தொடாமல், கைப்பேசியில் வந்திருந்த ஒரு குரல்பதிவைப் போட்டுக் காட்டினாள்.

"தங்கச்சி, அப்பனை முழுங்கிட்டுப் பொறந்தவன்னு சொல்லித்தான் என்னை வளத்தாங்க. நல்ல காரியம் எதுலயும் முன்னால நின்னதில்ல. இப்ப நீ அப்பா உசுரோட இருக்காருங்கிற. ரெண்டு நாளா அழுதுகிட்டே இருக்கேன்மா. சனிக்கிழமை ஃபெரி ஏறி வரேன். தூரத்துல நின்னு பாத்துட்டுப் போயிடுறேன் லா."

பேசியவர் கடலுக்கு அக்கரையில் பட்டர்வொர்த்தில் பள்ளிக் கேன்டீனில் சமைப்பவர், நாற்பதைத் தாண்டியவர், வளர்ப்புப் பிள்ளை. என் எதிரில் இருந்தவள் பாயான் பாருவில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரியில் இன்ஜினியர். இருவரும் தனித்தனியாக எச்சிலைக் குழாயில் துப்பி டி.என்.ஏ. சோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். உடன்பிறந்தவராக இருக்கலாம் என்று முடிவு வந்துவிட்டது. இவள் உடனே அப்பாவுக்குக் கல்யாணத்துக்கு முன்பே ஒரு பிள்ளை இருந்ததாக முடிவு கட்டி, அந்தப் பட்டர்வொர்த் அம்மாவுக்குச் செய்தியும் அனுப்பிவிட்டாள்.

"ஞாயித்துக்கிழமை எனக்கு நிச்சயம் ஆன்ட்டி. அதுக்கு முன்னால எல்லார் முன்னாடியும் அப்பாவைக் கேக்கப்போறேன்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "யாரைக் கேட்டு அந்தம்மாவுக்கு மெசேஜ் போட்டே?"

"கம்ப்யூட்டரே சொல்லுது ஆன்ட்டி."

"கம்ப்யூட்டரு உங்க வீட்டுல உக்காந்து சோறு தின்னுச்சா?"

வேலையை விட்டு நின்றதிலிருந்து இந்தப் பினாங்கில் யார் யாருடைய பூர்வீகத்தையோ தோண்டிக்கொண்டிருக்கிறேன். தாத்தா எந்த ஊர், எந்தக் கப்பல் என்று கேட்டு வருபவர்கள்தான் அதிகம். செத்தவர்களைப் பற்றித் தப்பாகச் சொன்னால் திருத்திக்கொள்ளலாம். உயிரோடு இருப்பவருக்கு ஒரு அப்பாவைக் கொடுத்துவிட்டு எப்படித் திரும்ப வாங்குவது? தலைமுறைப் படம் வரைய உட்கார்ந்தேன். அப்பா பக்கம் ஒரு தாள், அம்மா பக்கம் ஒரு தாள். அப்பாவுக்கு ஒரே அக்கா, காலமாகிவிட்டார். அம்மாவைப் பெற்றவர்களும் இல்லை.

"சொந்தத்துல கட்டினாங்களா?" என்று கேட்டேன். இல்லவே இல்லை என்றாள். நான் வாயை மூடுமுன் பதில் வந்துவிட்டது. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

செவ்வாயும் புதனும் அலைந்ததுதான் மிச்சம். பட்டர்வொர்த் அம்மாவின் பிறப்புப் பத்திரத்தில் வளர்த்தவர்களே பெற்றவர்களாகப் பதிந்திருந்தார்கள். அந்தக் காலத்தில் பிள்ளையைக் கைமாற்றுவதற்கு யார் தாள் எழுதினார்கள்? வியாழக்கிழமை அவரே என்னைக் கூப்பிட்டார். ஏதோ கேட்க வருகிறார் என்று பயந்துகொண்டே எடுத்தேன்.

"அக்கா, அப்பாவுக்கு சுகர் இருக்கா? கேசரி செஞ்சு எடுத்துட்டு வரலாமா?"

"பாத்துச் சொல்றேன்மா" என்று வைத்துவிட்டேன். இன்ஜினியர் பெண்ணின் அப்பாதான் இவருக்கும் அப்பா என்றால் ஒரு வீடு இரண்டாகும். இல்லையென்றால் இந்தப் பெண்மணி மறுபடியும் அப்பனை முழுங்கியவள் ஆகிவிடுவாள். எதற்கு வேண்டிக்கொள்வதென்றே தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை மாலை, நிச்சயத்துக்கு ஒத்தாசை செய்ய வந்தவளாக அவர்கள் ஃபிளாட்டுக்குப் போனேன். விளக்கு வைக்கும் நேரம். சாமி மாடத்துக்குப் பக்கத்தில் பூப்போட்ட படம் ஒன்றே ஒன்று தொங்கியது. அம்மா அதற்குப் பொட்டு வைத்தபடி, "எங்கம்மா" என்றார். சற்று நேரத்தில் அப்பா குளித்துவிட்டு வந்து அதே படத்தின் முன் நின்று கும்பிட்டார். "எங்கக்கா. என்னை வளத்தது அவங்கதான்" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. மகளை வெளி வராந்தாவுக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

"உங்கப்பா அக்கா மகளைத்தான் கட்டியிருக்காரு. கேட்டப்ப ஏன் மறைச்சே?"

தலையைக் குனிந்துகொண்டாள். "தாய்மாமனைக் கட்டினாங்கன்னு சொன்னா ஃபேக்டரியில அசிங்கமாப் பேசுவாங்க ஆன்ட்டி."

"அடிப்பாவி! அந்த வெக்கத்துக்காகப் பெத்த அப்பன் மேலயே பழி போடுவியா?"

அம்மா வழியிலும் அப்பா வழியிலும் ஒரே ரத்தம் என்றால், அம்மாவின் கூடப்பிறந்தவள்கூடச் சோதனையில் இவளுக்கு அக்கா போலத்தான் தெரிவாள். வெறும் கணக்கு போடும் இயந்திரத்துக்கு நம் மாமன் முறை எப்படிப் புரியும்? ஆனால் அதுவும் என் ஊகம்தானே. அந்தம்மா அப்பாவின் பிள்ளையாகவும் இருக்கலாம். உள்ளே போய், பூ கட்டிக்கொண்டிருந்த அம்மாவிடம் மெதுவாகக் கேட்டேன். கூடப்பிறந்தவர்கள் எத்தனை பேர்?

"மூணு பொண்ணு. நாலாவதும் பொண்ணுதான், பொறந்ததுமே செத்துப்போச்சு. எங்கப்பா போன மறுமாசம்."

"சாகல" என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

அப்பா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஜோசியம் பார்த்தவர் இந்தப் பிள்ளை வீட்டில் இருந்தால் இன்னும் உயிர் போகும் என்றாராம். பிள்ளையை ஃபெரியில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தது அவர்தானாம். செத்ததாகவே சொல்லும்படி அக்கா சத்தியம் வாங்கியிருக்கிறார். அம்மா பூச்சரத்தை அப்படியே போட்டுவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். "எத்தனை வருஷம் மாமா, எங்கிட்டகூடவா?" என்று கேட்டுக் கேட்டு அழுதார். பட்டர்வொர்த் அம்மாவைப் பற்றி நான் எல்லாவற்றையும் சொன்னேன். மகள் அப்பாவின் முகத்தைப் பார்க்கவே இல்லை.

சனிக்கிழமை ஃபெரி நிறுத்தத்தில் நாங்கள் நால்வரும் நின்றோம். போனில் எதையும் சொல்ல வேண்டாம், நானே நேரில் சொல்கிறேன் என்று அப்பா பிடிவாதமாகச் சொல்லிவிட்டார். கூட்டத்தில் எனக்கு அடையாளம் காட்ட வேண்டியிருக்கவில்லை. படத்தில் இருந்த அதே நெற்றி, அதே மூக்கு. கையில் டப்பாவோடு வந்தவர், அப்பாவைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"அப்பா" என்றார்.

"அப்பா இல்லம்மா. மாமன். ஒன் தாய்மாமன்."

அவர் முகத்தை நான் பார்த்திருக்கக் கூடாது. "அப்ப நான் முழுங்கினது நெசந்தானா?" என்று கேட்டார்.

"பொய்ம்மா! தொறைமுகத்துல மூட்டை சரிஞ்சு செத்தாரு உங்கப்பா. வயித்துக்குள்ள கெடந்த நீ என்ன பண்ணுவே? அன்னிக்கே நான் சத்தம் போட்டிருக்கணும், பயந்துட்டேன்." இரண்டு கைகளையும் நீட்டினார். "இந்தக் கையாலதான் ஒன்னை நெஞ்சோட அணைச்சுத் தூக்கிட்டுப் போனேன். எனக்கு என்ன ஆச்சு? குத்துக்கல்லாட்டம் நிக்கிறேன், பாரு. தொட்டுப் பாரு."

அவர் தொடவில்லை. ஒரு எட்டு பின்னால் போய்க் கையை முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டார். அம்மாதான் போய் அந்தக் கையைப் பிடித்து வெளியே இழுத்தார்.

"நாளைக்கு நிச்சயத் தட்டு நீதான் எடுக்கணும்" என்றார். "சின்னம்மா நீ இருக்கையில வேற யாரு எடுப்பா?"