ஜோடிக்க வேண்டாம் என்று சொல்லச் சொன்னார்கள்

என் வாயிலிருந்து வந்த சொற்கள் உண்மையில் யாருடைய சொற்கள்? அந்தப் பள்ளியாண்டின் கடைசி வாரங்களில் இந்தக் கேள்வி என்னை விடவில்லை.

லாபிஸ் என்ற சிற்றூருக்கு வெளியே, செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே உள்ள சிறிய தமிழ்ப்பள்ளியில் நான் துணைத் தலைமையாசிரியை. ஆண்டிறுதித் தேர்வு முடிந்ததும் பிள்ளைகளில் பாதிப்பேர் வருவதில்லை. வந்தவர்களை மண்டபத்தில் படம் பார்க்க வைத்துவிட்டு, ஆசிரியர்கள் அடுத்த ஆண்டு தாங்கள் எடுக்கப்போகும் வகுப்பறையை ஜோடிக்கத் தொடங்குவார்கள். சுவரெங்கும் வண்ணத்தாள், கதவில் காகிதப்பூ. அடுத்த ஆண்டு யார் இருக்கிறார், எந்த வகுப்பில் இருக்கிறார் என்பதை எங்களுக்கு முதலில் அறிவிப்பது அந்த ஜோடிப்புதான்.

அந்த ஆண்டு முதலாம் வகுப்புக்குப் பதிவு குறைந்திருந்தது. ஓர் ஆசிரியர் அதிகம், யாராவது ஒருவரை மெர்சிங் போன்ற தொலைவூர்ப் பள்ளிக்குக் கல்வி இலாகா மாற்றிவிடும் என்ற பேச்சு எழுந்தது. வேலை ஓடவில்லை. எல்லாரும் எல்லாரையும் கவனித்துக்கொண்டிருந்தார்கள்.

இரண்டாம் வகுப்பில் எழுத்துக்கூட்டவே தடுமாறும் பிள்ளைகள் சிலர் இருந்தனர். தலைமையாசிரியர் என்னை அழைத்தார். "அந்த வகுப்பு டீச்சர்கிட்ட சொல்லிடுங்க. ஜோடிப்பெல்லாம் வேணாம். கடைசி நாள் வரைக்கும் அந்தப் பிள்ளைங்களுக்கு வாசிப்பு நடத்தட்டும்."

நியாயமாகவே பட்டது. அந்த ஆசிரியை எங்களில் இளையவர். கணவருக்குச் சிங்கப்பூரில் வேலை; வார இறுதியில்தான் வருவார். லாபிஸில் கைக்குழந்தையையும் மாமியாரையும் இவர்தான் பார்த்துக்கொள்கிறார். நான் போய்ச் சொன்னபோது மேசைமேல் ஏறி நின்று தாள் ஒட்டிக்கொண்டிருந்தார்.

"எனக்கு மட்டுமா டீச்சர்?"

"ஆமா. நீங்க நல்லா சொல்லித் தர்றீங்கன்னுதான்."

"சரி டீச்சர்," என்று இறங்கி, ஒட்டிய தாளை உரித்தெடுத்தார்.

மறுநாள் தேநீர் வேளையில் நான் ஆசிரியர் அறைக்குள் நுழைந்ததும் பேச்சு நின்றது. மூத்த ஆசிரியர் ஒருவர் மட்டும் நிறுத்தவில்லை. "வாங்க டீச்சர். அடுத்து யாரு கையில உள்ள கத்தரிக்கோல புடுங்கப் போறீங்க? சொல்லிடுங்க லா, நாங்களும் பெட்டி கட்டணும்ல."

சிரித்தார்கள். ஜோடிக்க வேண்டாம் என்றால் உனக்கு இங்கே வகுப்பு இல்லை என்றே பள்ளி முழுவதும் புரிந்துகொண்டிருந்தது. அப்போதுதான் தலைமையாசிரியர்மேல் எனக்குச் சந்தேகம் வந்தது. தேநீர் ஆறிப்போகும்வரை காலைக் கூட்டத்தில் பேசுகிறவர், இந்த ஒன்றை மட்டும் ஏன் என்னிடம் கொடுத்தனுப்பினார்? முடிவெடுத்துவிட்டு, அதைப் பக்குவமாக இறக்கிவைக்க என்னைப் பயன்படுத்தினாரா?

அன்று வாசிப்பு வகுப்பை எட்டிப் பார்த்தேன். பிள்ளைகள் பக்கங்களைச் சும்மா புரட்டிக்கொண்டிருந்தனர். ஆசிரியை கைப்பேசியில் மெர்சிங்கில் குழந்தைக் காப்பகம் தேடிக்கொண்டிருந்தார். எதைக் காக்க அந்த உத்தரவு வந்ததோ, அதுவே கைவிட்டுப் போய்க்கொண்டிருந்தது. பேசாமல் இருந்தால் நானும் அதற்கு உடந்தை.

அடுத்த காலைக் கூட்டத்தில் எல்லார் முன்னிலையிலும் எழுந்தேன். "சார், ஜோடிக்க வேணாம்னு இவங்ககிட்ட மட்டும் சொல்லச் சொன்னீங்க. இவங்களையா மாத்தப் போறாங்க?"

"அலாமாக், அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? பேரு ஒன்னும் வரல," என்று சலித்துக்கொண்டார் தலைமையாசிரியர்.

"பேரு நீங்கதானே சார் கொடுக்கணும்?" என்றார் மூத்த ஆசிரியர். இம்முறை யாரும் சிரிக்கவில்லை.

தலைமையாசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நான் இன்னும் கொடுக்கல."

அந்த 'இன்னும்' எல்லார் காதிலும் விழுந்தது. இளைய ஆசிரியை எழுந்தார். "என் பேரக் கொடுக்கறதுன்னா எங்கிட்ட நேரா சொல்லிடுங்க சார். கைக்குழந்தைய வச்சிருக்கேன், நான் ஏற்பாடு பண்ணணும். இல்லன்னா இன்னிக்கு மத்தியானமே என் கிளாஸ ஜோடிக்கப் போறேன்."

தலைமையாசிரியர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார்.

"ஜோடிங்க," என்றார் அவர்.

அது முன்பே எடுத்த முடிவா, இத்தனை கண்களுக்கு முன்னால் மாற்றிக்கொண்ட முடிவா என்று எனக்குத் தெரியாது. கேட்டாலும் அவர் சொல்லும் பதிலை நம்பியிருக்க மாட்டேன்.

அந்த ஆசிரியை மாற்றப்படவில்லை. வாசிப்பு வகுப்பை எல்லா ஆசிரியர்களும் முறைவைத்துக் கடைசி நாள்வரை நடத்தினோம். தனியாக ஒருவரிடம் சொல்லச் சொல்லித் தலைமையாசிரியர் கொடுத்தனுப்பும் எதையும் நான் இப்போது எடுத்துச் செல்வதில்லை. காலைக் கூட்டத்தில் அவரே சொல்கிறார்.