இடது தோள் தையல்

கோட்டுக்காரர் என்றதும் வக்கீல் என்று நினைத்துவிடாதீர்கள். இவர் பழைய மழைக்கோட்டுகளில் மறுபடியும் தண்ணீர் இறங்காமல் செய்து கொடுப்பவர். மழைக்காலத்துக்கு முன்னால் வெளியில் அலைந்து பிழைப்பவர்களின் கோட்டெல்லாம் இவரிடம் வந்துவிடும். லேசான சோப்புத் தண்ணீரில் அலசி, உலர்த்தி, மெழுகு பூசி, மேலே துணி விரித்து மிதமான சூட்டில் இஸ்திரி போடுவார். உள்பக்கத் தையல் மேல் தண்ணீர் புகாதபடி ஒட்டியிருக்கும் பட்டை உரிந்திருந்தால் பசை தடவி ஒரு நாள் காயவிடுவார். கடைசியில் ஒரு குவளைத் தண்ணீரை ஊற்றிப் பார்ப்பார். முத்து முத்தாக உருண்டு ஓடினால் வேலை சுத்தம். இவர் கை பட்ட கோட்டு ஒரு வருஷத்துக்குத் திரும்பி வராது. அதுதான் மனுஷனுக்கு வினையாகப் போயிற்று.

கோட்டு வராவிட்டால் ஆளும் வராதே! கடைக்குப் பின்னால் ஒற்றை அறை. மனைவி போய்ச் சேர்ந்து நாலு வருஷம். மகள் ஞாயிற்றுக்கிழமை போனில் "சாப்பிட்டியாப்பா?" என்பாள். "ஆச்சும்மா" என்பார். அத்தோடு சரி. மனம்விட்டுப் பேச இருந்தவர் ஒரு தபால்காரர்தான். தினமும் கடையைத் தாண்டும்போது ஓட்டமும் நடையுமாகக் கையாட்டிவிட்டுப் போவார். கோட்டுக்காரருக்குக் கடிதம் போட யார் இருக்கிறார்கள்? கோட்டு வாங்க வரும் அன்று மட்டும் முக்காலியில் உட்கார்ந்து ஊர் வம்பையெல்லாம் அவிழ்த்துவிடுவார். கோட்டுக்காரர் வயிறு வலிக்கச் சிரிப்பார். அந்த ஒரு மணி நேரத்தை வைத்து வருஷத்தை ஓட்ட வேண்டும்.

இந்த வருஷம் மனுஷன் ஒரு காரியம் செய்தார். தபால்காரர் கோட்டில் இடது தோள் தையலுக்கு மட்டும் பசை தடவாமல் விட்டார். மறதி இல்லை, வேண்டுமென்றே விட்டார். தூறலில் தோள் கொஞ்சம் நனையும், "என்னய்யா வேலை பார்த்தே?" என்று சண்டைக்கு வருவார், வந்தால் உட்காருவார். அவ்வளவுதான் ஆசை.

தூறலா வந்தது? மூன்று நாள் கொட்டித் தீர்த்துவிட்டது. நாலாம் நாள் கோட்டு வந்தது, தபால்காரர் வரவில்லை. எடுத்து வந்தது அவர் மனைவி.

"காய்ச்சல்ல படுத்துட்டாருண்ணே. உங்க வேலையில குத்தமே இருக்காதாம். நான்தான் சோப்புத்தூள் போட்டுத் துவைச்சுக் கெடுத்துட்டேனாம், ஒரே திட்டு. சத்தியமா நான் தொடவே இல்லை." கண் கலங்கியிருந்தது.

கோட்டுக்காரருக்குத் தூக்கிவாரிப் போட்டது. வாயை மூடிக்கொண்டால் தபால்காரர் அடுத்த வருஷமும் வருவார். ஆனால் பழி இந்த அம்மா தலையில் விழும்.

"நீங்க ஒண்ணும் பண்ணலைம்மா. அந்தத் தையலை நான்தான் விட்டுட்டேன்."

"மறந்துட்டீங்களா?"

"மறக்கலை. ஒழுகினா வருவாரே, கொஞ்ச நேரம் பேசிட்டிருக்கலாமேன்னு..."

அந்த அம்மா அவரையே பார்த்தாள். "நல்லா இருக்குண்ணே உங்க நியாயம்" என்று கோட்டை அங்கேயே போட்டுவிட்டுப் போனாள்.

எந்தக் கோட்டுக்கும் அவர் அப்படி உழைத்ததில்லை. தையல் ஒவ்வொன்றுக்கும் இரண்டு தடவை பசை. இரண்டு நாள் கழித்து அவள் வந்து வாங்கிப் போனாள்.

பத்து நாள் ஆனபின் ஒரு காலை நல்ல மழை. தெருவே ஒதுங்கி நிற்க, தபால்காரர் மட்டும் அந்தக் கோட்டோடு வந்தார். கோட்டுக்காரர் முக்காலியைத் துடைத்து வாசல் பக்கம் நகர்த்திப் போட்டார். தபால்காரர் பக்கத்துக் கடையில் கடிதம் கொடுத்தார், எதிர்க்கடையில் கொடுத்தார், தலையைத் திருப்பாமல் தெருமுனையைத் தாண்டிப் போய்விட்டார்.

இடது தோள் நனைந்திருக்காது. அது மட்டும் கோட்டுக்காரருக்கு நிச்சயமாகத் தெரியும்.