பாலத்துக்கு இந்தப் பக்கம்

புஷ்பவதியின் வயிறு வெளியே தெரிய ஆரம்பித்த மாதத்தில்தான் அவளுடைய இரத்தத்தில் சீனி ஏறியிருப்பதும் தெரியவந்தது. அது இரண்டாயிரத்து எட்டாம் ஆண்டு. மாத்தளைக்கு மேலே மிளகும் கொக்கோவும் போட்ட தோட்டத்தில் எங்களுக்குக் கூலி வேலை. ஒற்றை அறைக் காம்பிராக்களாக ஒட்டிக் கட்டிய எங்கள் லயத்தில் எனக்கு அடுத்தது அவளுடையது. புருஷன் சிவலிங்கம் தம்புள்ளையில் மரக்கறி மூட்டை தூக்குகிறவன். சனிக்கிழமை வந்தால் வந்தான், இல்லாவிட்டால் இல்லை. தாயும் இல்லாத பிள்ளை. ஆகவே அவளுக்கு எல்லாமே நான்தான், கிருஷ்ணம்மா. எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

புஷ்பாவுக்கு ஒரே பயம், கத்தி. அவளுடைய அக்காவுக்கு வெட்டித்தான் பிள்ளை எடுத்தார்கள். வீட்டுக்கு வந்ததும் தண்ணீர்க் குடத்தைத் தூக்கினாள், தையல் விட்டுப் புண் சீழ் பிடித்தது. அவள் பாயில் கிடந்த மாதங்களில் குழந்தையை அக்கம்பக்கத்துப் பெண்கள்தான் மாற்றி மாற்றி வைத்திருந்தார்கள். அதைப் பார்த்து வளர்ந்தவள் புஷ்பா. "எனக்குத் தண்ணி தூக்க யாருக்கா இருக்கா? நானே பெத்துக்கணும்க்கா," என்பாள்.

அதற்கு வழி சொன்னவள் கிளினிக் மருத்துவிச்சி றாபியா மிஸ்ஸி. "சீனி கூடினா பிள்ள பெருத்துரும். பெருத்தா வெட்டித்தான் எடுக்கணும்னு டொக்டர் சொல்லிட்டாரு. அடக்கி வச்சா நீயே பெறலாம். கொஞ்சங் கொஞ்சமா சாப்பிடு. சாப்பிட்டதும் படுத்துராத, நட."

எங்கள் லயத்தில் பாலில்லாத சாயத் தேத்தண்ணி குடிப்பதென்றால் உள்ளங்கையில் சீனியை வைத்து நக்கிக்கொண்டுதான் குடிப்போம். புஷ்பா பழக்கத்தில் கையை நீட்டுவாள், பிறகு வெறுங்கையைப் பார்த்துவிட்டு மடக்கிக்கொள்வாள். எனக்குப் பாவமாக இருக்கும். அதே லயத்துப் பாப்பம்மா ஒருநாள் முந்தானையில் மஸ்கட் அல்வாத் துண்டை ஒளித்து வந்தாள், வாயும் வயிறுமாக இருக்கிறவள் ஆசைப்பட்டது கிடைக்காவிட்டால் குழந்தைக்குக் காதில் சீழ் வடியுமாம். வடிந்தால் நான் துடைத்துவிடுகிறேன் என்று சொல்லி அதைப் பிடுங்கி நானே தின்றேன்.

சாப்பாடு சரியாகிவிட்டது. நடைதான் வம்பாகிப் போனது. லயத்துப் பாதை செங்குத்து, மழை பெய்தால் வழுக்கும். சமமான இடம் என்றால் கீழே தார் ரோட்டில், கடையிலிருந்து பாலம் வரைக்கும்தான். பாலம் தொடங்குகிற இடத்தில் மணல் மூட்டை அடுக்கிய ஆமிக் காவல். புஷ்பா சோறு தின்றதும் பாலம் வரை போவாள், திரும்புவாள், மறுபடி போவாள். பையும் இல்லை, போகிற இடமும் இல்லை. சண்டை நடந்த அந்த வருசம் எங்கே எது வெடிக்கும் என்று யாருக்கும் தெரியாது. தமிழ்ப் பெண்ணின் பெரிய வயிற்றைக் கண்டாலே குண்டு கட்டியிருப்பாளோ என்று அவர்களுக்குச் சந்தேகம்.

மறித்தார்கள். ஒரு பொலிஸ்காரி அவளைத் தகரக் கொட்டிலுக்குள் கூட்டிப்போய்ச் சட்டையைத் தூக்கி வயிற்றை அமுக்கிப் பார்த்தாள். உள்ளே இருந்தது உதைத்ததாம். அப்படியும் இனி இந்தப் பக்கம் வரக்கூடாது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். புஷ்பா காம்பிராவுக்குள் போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்தவள்தான், எழும்பவில்லை. அடுத்த கிளினிக்கில் சீனி ஏறியிருந்தது. இப்படியே போனால் ஒப்பரேசன்தான் என்று டொக்டர் சொல்லிவிட்டார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. தனியாக நடந்தால்தானே சந்தேகம், கூட்டமாகப் போனால் வராது என்று கணக்குப் போட்டேன். மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் லயத்துப் பெண்கள் எல்லாரையும் சேர்த்துக்கொண்டு, புஷ்பாவை நடுவில் விட்டு, ரோட்டில் இறங்கினோம். நல்ல கணக்குத்தான். பாலத்தை நோக்கி ஒரு படை வருவதாக அவர்கள் நினைத்துவிட்டார்கள். விசில் அடித்தது, துப்பாக்கிகள் எங்கள் பக்கம் திரும்பின. பாப்பம்மா மாரியாத்தாளைக் கூப்பிட்டபடி ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

தலைக்கு மேலே வெள்ளம், சாண் என்ன முழம் என்ன. கையிரண்டையும் தூக்கிக்கொண்டு சிங்களத்தில் கத்தினேன். "மாத்தயா, இந்தப் பிள்ளைக்கு சீனி வருத்தம். நடக்காட்டி வயித்தக் கிழிப்பாங்க. சுடுறதுன்னா என்னச் சுடுங்க, அவள நடக்க விடுங்க."

மீசை நரைத்த சார்ஜன் ஒருவர் வெளியே வந்தார். "சீனி வருத்தமா? எங்க அம்மாவுக்கும் அதுதான். கால் ஒண்ணை எடுத்துட்டாங்க," என்றார். அப்புறம் ரோட்டோரத்து அரச மரத்தைக் காட்டினார். "கடையிலிருந்து அந்த மரம் வரைக்கும் நடக்கட்டும். எங்களுக்குத் தெரியிற மாதிரி நடக்கணும். பாலத்துக்குக் கிட்ட வரக்கூடாது."

அன்றிலிருந்து நாளும் நடை. மழைக்கு ஒருநாள் அவள் கடை வாசலில் ஒதுங்கினால்கூட, "அக்கே, நட நட," என்று ஆமிக் காவலிலிருந்து சத்தம் வரும். சிரிப்பாகத்தான் இருந்தது. ஆனாலும் துப்பாக்கி துப்பாக்கிதான், அவள் நடந்து முடிக்கும்வரை நான் கடை வாசலை விட்டு அசைந்ததில்லை. அடுத்த கிளினிக்கில் சீனி இறங்கியிருந்தது. றாபியா மிஸ்ஸி அல்லாஹ்வுக்குப் புகழ் சொன்னாள், நான் மாரியாத்தாளுக்குச் சொன்னேன்.

வலி கண்டது ஒரு சாயங்காலம். திரீவீலில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டோம். பாலத்தடியில் எல்லாரும் இறங்கி நடந்துதான் கடக்க வேண்டும், அதுதான் அங்கே சட்டம். எங்களைக் கண்டதும் சார்ஜன் ரோட்டை மறித்திருந்த தடியைத் தூக்கச் சொல்லி, "இறங்க வேணாம், போங்க போங்க," என்று கையைக் காட்டினார். புஷ்பா என் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கிவிட்டாள்.

"ஏறுடி," என்றேன்.

"நடந்தா நல்லதுன்னு மிஸ்ஸி சொன்னாங்கக்கா."

கைப்பிடிச் சுவரைப் பிடித்து, வலி வரும்போது நின்று, விட்டதும் நடந்து, இத்தனை நாளும் கிட்டவே போகக்கூடாதென்ற அந்தப் பாலத்தை அவள் கடந்தாள். திரீவீல் பின்னாலேயே ஊர்ந்து வந்தது.

விடிந்து வெயில் ஏறும்போது பெண் பிள்ளை பிறந்தது. கத்தி படவில்லை. குழந்தையின் எடையும் அளவாக இருந்தது, சீனியும் சரி என்றார்கள். என் வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. வார்ட்டுக்கு வெளியே நின்று அழுதேன். இத்தனை வயதில் சந்தோசத்துக்கு அழுதது அதுதான் முதல் தடவை.

வீடு திரும்பும்போது பாலத்தடியில் திரீவீலை நிறுத்தினார்கள். அதே பொலிஸ்காரி குனிந்து உள்ளே பார்த்தாள். நான் முறைத்தேன். அவள் என்னைக் கவனிக்கவில்லை. தன் வயிற்றின் குறுக்கே விரலால் ஒரு கோடு இழுத்துக் காட்டி, "வெட்டினாங்களா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

புஷ்பா குழந்தையின் முகத்தை மூடியிருந்த துணியை விலக்கினாள்.

"இல்ல மிஸ். நடந்தே பெத்துட்டேன்."